புகையை வடித்தல்: பீர் காய்ச்சிய கைக்கு வாலை பழக ஒரு வழி

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியை முதன்முதலாக மோந்து பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது தாத்தா வீட்டுக் கொல்லையில் வாழைத்தார் மூட்டம் போடும் குழி. தாரை அடுக்கி, காய்ந்த சருகும் தேங்காய் மட்டையும் கனிய வைத்து, புகையை உள்ளே ஊதி, மேலே மண் பூசி மூடிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பழ வாசனைக்கு அடியில் ஒரு புகை வாசனை தங்கியிருக்கும். அதே வாசனை, கூடவே கொஞ்சம் ஆஸ்பத்திரி வாசனை. விலை மட்டும்தான் வேறு.

சில வருஷம் பிரிட்டனில் வேலை பார்த்தேன். அங்கே 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. சமையலறையில் இருபது லிட்டர் வாளியும் அடர்த்திமானியுமாக மாதம் ஒரு ஈடு காய்ச்சுவேன். திருவையாற்றுப் பக்கம் திரும்பி வந்த பிறகு, புகை மணக்கும் விஸ்கியை நாமே வடித்தால் என்ன என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. பீர் காய்ச்சுகிறவர்களுக்கு எல்லாம் ஒரு கட்டத்தில் வருகிற அரிப்புதான்.

அது இங்கே நடக்காது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மது தயாரிப்பது மட்டுமல்ல, அந்த நோக்கத்துடன் பாத்திரம் வைத்திருப்பதே குற்றம். வீட்டுப் பீருக்கும் இதே சட்டம்தான். விஸ்கி பிறந்த ஸ்காட்லாந்திலேயே உரிமம் இல்லாமல் வீட்டில் வடித்தால் குற்றம். அமெரிக்காவில் 1978இல் வீட்டுப் பீருக்கு வழிவிட்ட மத்திய அரசு, வடிப்பதற்கு அப்போது வழிவிடவில்லை. 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வடிக்க அனுமதித்த நியூசிலாந்து ஓர் அபூர்வம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு நம் மாநிலத்தில் தண்டனைகளை இன்னும் கூட்டியிருக்கிறார்கள். "முதல் சொட்டுகளைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும்" என்று சொல்லித் திரிகிற நிபுணர்களையும் நம்ப வேண்டாம். மெத்தனால் அப்படி வரிசையில் நின்று முதலில் இறங்கிப் போவதில்லை; வடிப்பு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். ஆலை மெத்தனாலைக் கலந்த சரக்கை எத்தனை கொட்டினாலும் விஷம் விஷம்தான்.

சரி, அப்படியானால் ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டுமா? நான் விஸ்கி எப்படி உருவாகிறது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பார்லியை முளைகட்டுவது, பீட் என்கிற சதுப்பு மக்கின் புகையில் உலர்த்துவது, அரைத்து வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை எடுப்பது, நொதிக்க வைப்பது, செம்புப் பாத்திரத்தில் இரண்டு முறை வடிப்பது, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் கிடத்துவது. இதில் புகை நுழையும் இடம் ஒன்று, உலர்த்தும் சூளை. அது தெளிவாகி வெளியேறும் இடம் ஒன்று, வடிக்கும் பாத்திரம். நடுவில் நடக்கும் நொதிப்பு சாராயத்தைத் தருகிறது, புகையைத் தருவதில்லை. எனக்கு வேண்டியது புகை. அப்புறம் நடுப்பகுதி எதற்கு?

இந்த வழிகாட்டி அந்த நடுப்பகுதியை எடுத்துவிட்டுச் செய்வது. நெல்லை முளைகட்டி, நம்மூர்ப் புகை ஏற்றி, நீராவியில் வடித்து, துளி சாராயமில்லாத ஒரு புகைத் தீநீர், அதாவது வடித்தெடுத்த வாசனை நீர், இறக்கப் போகிறோம். வாலை என்கிற வடிக்கும் கலத்தைப் பிடிக்கிற கைப்பழக்கம் முழுக்க இதிலேயே வந்துவிடும்.

சாராயம் இல்லாமல் புகை எப்படி ஏறி வரும்?

பீட் என்பது சதுப்பில் ஆயிரக்கணக்கான வருஷம் அரைகுறையாக மக்கிய தாவரம். டெல்டாவில் வெட்டியெடுக்கிற மாதிரி கிடையாது. நீலகிரியின் உயரமான சதுப்புகளில் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது, அது மலையின் தண்ணீர்ப் பஞ்சு. ஆனால் பீட்டில் மாயம் ஒன்றுமில்லை. தாவரத்தின் லிக்னின் என்ற பொருள் கனிந்து சிதையும்போது ஃபீனால், கிரசால், குவையகால் போன்ற வாசனைப் பொருள்கள் பிறக்கின்றன. ஆஸ்பத்திரி வாசனை கிரசால் பக்கம். அடுப்படிப் புகை வாசனை குவையகால் பக்கம். லிக்னின் நிறைய உள்ள பொருள் ஒன்று நம் கொல்லையில் குவிந்து கிடக்கிறது: தேங்காய் மட்டை நார்.

குவையகாலின் கொதிநிலை 200 டிகிரிக்கு மேல். நூறு டிகிரியில் கொதிக்கிற தண்ணீரோடு அது எப்படி ஏறி வரும் என்று கேட்கலாம். நீராவி கடந்து போகும்போது தன்னோடு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும். ஈரத்துணி கொதிக்காமலே காய்வது மாதிரிதான். ரோஜாவிலிருந்து பன்னீர் இறக்குவதும் இப்படித்தான், ஓமத் தீநீரும் இப்படித்தான். ஓமத்தின் காரத்துக்குக் காரணமான தைமாலும் ஃபீனால் குடும்பத்துப் பிள்ளைதான். சித்த மருத்துவர்கள் வாலையில் ஓமத் தீநீர் வடித்தபோது, ஐலா தீவுக்காரர்களின் புகைக்குச் சித்தப்பா மகனைத்தான் வடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் முதல் பாடம் ஓமத்தில். புகை நெல் இரண்டாவது.

வாலை

எட்டு லிட்டர் கொள்ளும் செம்புத் தவலை போதும். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் வாய் குறுகிய, அடி கனத்த தவலையாகப் பார்த்து எடுங்கள். பெரிதாக வாங்காதீர்கள். ஐம்பது லிட்டர் அண்டாவும் செம்புச் சுருளும் கொல்லையில் இருந்தால், நீங்கள் ஓமம் வடிப்பதாகச் சொல்வதை எந்தக் காவலரும் நம்ப மாட்டார். நானும் நம்ப மாட்டேன்.

மூடிக்குக் கவிழ்த்த செம்புச் சட்டி ஒன்று. அதன் உச்சியில் துளை போட்டு அரை அங்குலச் செம்புக் குழாயைப் பற்றவைக்க வேண்டும். இங்கேதான் முக்கியமான எச்சரிக்கை. ஈயம் என்றால் இரண்டு: வெள்ளீயம், காரீயம். ரசத்துக்கு ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். ரேடியோ, மின்கருவி பற்றவைக்கிற சாதாரண ஈயக் கம்பியில் காரீயம் கலந்திருப்பது வழக்கம், அது நஞ்சு. பற்றவைப்பவரிடம் வெள்ளீயம் மட்டும் என்று சொல்லி, முடிந்தால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பூச்சுக்கும் அப்படியே. முதல் மூடியை ஒரு பட்டறையில் கொடுத்தேன். கேட்காமலே மின்கம்பி ஈயத்தால் ஒட்டி, பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார்கள். அந்த மூடி இன்று துளசிச் செடிக்குத் தொட்டியாகக்கூட ஆகவில்லை. பழைய செம்பு விலைக்குப் போனது.

சுருளுக்கு மூன்று மீட்டர் செம்புக் குழாய். குளிர்சாதன மெக்கானிக்குகள் வைத்திருப்பார்கள். பழைய குழாய் வேண்டாம். உள்ளே எண்ணெய் ஊறியிருக்கும். மெல்லிய குழாயும் வேண்டாம், அடைத்துக்கொள்ளும். வளைக்கும்போது மடிந்துவிடாமலிருக்க உள்ளே மெல்லிய மணலை இறுக்கி நிரப்பி, ஒரு பானையைச் சுற்றி வளைத்துவிட்டு, பிறகு மணலைத் தட்டி நன்றாகக் கழுவிக்கொள்ளலாம். சுருளைப் பெரிய வாளிக்குள் வைத்து, நுனி வாளியின் அடிப்பக்கத் துளை வழியே வெளியே வரட்டும். சுருள் முழுக்கக் கீழ்நோக்கியே சரிய வேண்டும். எங்காவது மேடு பள்ளம் இருந்தால் தண்ணீர் தேங்கி, வாலை இருமும்.

குளிர்ந்த தண்ணீரை வாளியின் அடியில் விட்டு, சூடானதை மேலே வழிய விடுங்கள். மேலே ஊற்றினால் பாதிக் குளிர்ச்சி வீண். வழிகிற தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சிவிடலாம்.

தவலைக்கும் மூடிக்கும் இடைவெளியை அடைக்க மைதா மாவைச் சப்பாத்திக்குப் போலப் பிசைந்து திரித்து ஒட்டுவேன். சித்த மருந்துக்காரர்கள் சீலைமண் (மண் பூசிய துணி) சுற்றுகிற இடத்தில் நமக்கு மாவு. இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: உள்ளே அழுத்தம் ஏறினால் மாவு முதலில் பிய்த்துக்கொண்டு சீறும், பாத்திரம் வெடிக்காது. அதனால்தான் திருகு போட்டு இறுக்குகிற மூடியும் பிரஷர் குக்கரும் வேண்டாம் என்கிறேன். குக்கரின் விசில் துளையில் ஒரு ஓம விதை போய் உட்கார்ந்தால் போதும். சுருளின் நுனியும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். சேகரிக்கிற பாட்டிலின் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. அடுப்பு அணைந்து தவலை குளிரும்போது பாட்டிலில் உள்ளதையெல்லாம் உள்ளே உறிஞ்சிவிடும்.

முதல் தடவை தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகர் கலந்து வடித்துக் கொட்டுங்கள். இரண்டாவது தடவை வெறும் தண்ணீர். அதையும் கொட்டுங்கள். கசிவு எங்கே, சுருள் எங்கே இருமுகிறது, எவ்வளவு தீயில் எவ்வளவு சொட்டு என்பதெல்லாம் இந்த இரண்டு ஈட்டில் பிடிபட்டுவிடும்.

ஓமத்தில் கை பழகுதல்

நாட்டு மருந்துக் கடையில் புது ஓமம் கால் கிலோ. ஒரு விதையைக் கடித்தால் நாக்கு மரத்துப்போக வேண்டும். அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, மூன்று லிட்டர் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் தவலையில் ஊற்றுங்கள். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பொங்கினால் சுருளுக்குள் விதை போய்விடும்.

தீயைச் சித்த மருத்துவம் மூன்றாகப் பிரிக்கிறது: தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி. விளக்குச் சுடர் மாதிரி மெலிந்தது, தாமரை மாதிரி விரிந்தது, காடு பற்றிய மாதிரி மூண்டது. வாலைக்கு முதல் இரண்டு போதும். கமலத்தில் ஆரம்பித்து, மூடியின் உச்சியைத் தொட முடியாத அளவு சூடு வந்ததும் தீபத்துக்கு இறக்குங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு. நுனியில் ஆவி பறந்தால் தீ அதிகம் அல்லது வாளித் தண்ணீர் சூடு. விறகில் இந்த நிதானம் கஷ்டம். கேஸ் அடுப்பில் செய்யுங்கள், பழமை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நூறு நூறு மில்லியாகத் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து எண் போடுங்கள். முதல் பாட்டில் பால் போல் கலங்கி வரும். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். ஓமத்தில் நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு பங்கு எண்ணெய் உண்டு. அதில் நிறைய முதலிலேயே ஏறிவிடும். அந்த எண்ணெயைக் குடிக்கக் கூடாது, ரொம்பக் காரம். பஞ்சால் தொட்டு எடுத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதில் தைமால் படிகமாக உறைவதைக்கூடப் பார்க்கலாம். நாலாவது பாட்டிலுக்கு மேல் வாசனை மெலியும். ஏழாவது, எட்டாவதில் வெந்த விதை வாசனை தலைகாட்டும், அங்கே நிறுத்துங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தவலை வறண்டு போகும்வரை விடாதீர்கள்.

எட்டு பாட்டிலையும் வரிசையாக வைத்து மோந்து பார்ப்பதுதான் பாடம். விஸ்கி வடிப்பவர்கள் தலை, நடு, வால் என்று வெட்டுவது இந்த மூக்கு வேலையைத்தான். இரண்டு மூன்று முறை ஓமம் வடித்த பிறகு, சொட்டு மாறுவதை மோந்து பார்க்காமலே சத்தத்தில் கண்டுபிடிப்பீர்கள். இந்தத் தீநீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டு வடிப்பில் காரத்தின் அளவு ஈட்டுக்கு ஈடு மாறும்.

நான் இரண்டாவது ஈடு ஓமம் வடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் போன சித்தப்பா சுருளைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தார். "என்னடா தம்பி, ஊறல் போட்டிருக்கியா?" என்றார், பாதி கோபமும் பாதி ஆவலுமாக. ஒரு மூடி ஓமத் தீநீரை அவர் வாயில் ஊற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது வயித்துக்கு நல்லதுதான், ஆனா..." என்று இழுத்துவிட்டுப் போனார்.

நெல்

பீர் காய்ச்சுகிறவர் பார்லிக்குப் போவார். மருந்துக் கடையிலும் மளிகையிலும் கிடைக்கும் பார்லி தோல் சீவியது, முளைக்காது. நான் ஒரு வாரம் தண்ணீர் தெளித்துக் காத்திருந்து நாற்றம் மட்டும் வளர்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு முளைகட்ட எதற்குப் பார்லி? ஜூன் 12 மேட்டூர் திறக்கிற சேதி வந்ததும் வீட்டுக்கு வீடு விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி மூட்டம் போடுகிற ஊர் இது. ஸ்காட்லாந்துக்காரர்கள் தரையில் பரப்பிக் கிளறிச் செய்வதை நாம் சாக்கில் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு லாபமும் உண்டு. புகை பெரும்பாலும் தானியத்தின் வெளிப்பக்கத்தில்தான் ஒட்டும். நெல்லுக்கு உமி என்கிற சட்டை இருக்கிறது.

கடையில் விற்கிற விதைநெல் பையைத் தொடாதீர்கள். பூஞ்சாணக்கொல்லி கலந்திருக்கலாம். தெரிந்த விவசாயியிடம், மருந்து கலக்காத நெல்லாக இரண்டு கிலோ கேட்டு வாங்குங்கள். எனக்கு மாப்பிள்ளைச் சம்பா பிடித்திருக்கிறது; உமி கனம், வாசனை நிறைவு. தை அறுப்பில் வந்த நெல் உடனே முளைக்காமல் அடம் பிடிக்கலாம். விதை உறக்கம் என்பார்கள். பங்குனிவரை பொறுங்கள். வெயிலும் அப்போதுதான் உதவும்.

உப்புத்தண்ணீரில் போட்டுப் பதரை நீக்கி, நன்றாகக் கழுவி, ஒரு நாள் ஊறவையுங்கள். நடுவில் இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் புளிக்க ஆரம்பிக்கும், நமக்குப் புளிப்பே வேண்டாம். வடித்து, ஈரச்சாக்கில் கட்டி, நிழலில் வைத்து, மேலே வைக்கோல் போட்டு மூடுங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். சுட்டால் அவிழ்த்து உதறிவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அரிசி அளவில் பாதி வந்தால் போதும்.

முளைகட்டாமலே ஈர நெல்லைப் புகைத்தால் ஆகாதா? செய்து பார்த்தேன். தீநீரில் புகை வந்தது, கூட உமி வாசனை மட்டும். முளைகட்டிக் காயவைத்ததில் சத்துமாவு வறுக்கும்போது வருகிற அந்த இனிப்பு வாசனை அடியில் இருக்கிறது. அதுதான் மால்ட்.

புகை

இந்த இடத்தில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். நெல் ஈரமாக இருக்கும்போதுதான் புகையைப் பிடிக்கும்; காய்ந்த பிறகு புகை மேலே மோதிவிட்டுப் போய்விடும். ஸ்காட்லாந்துச் சூளைகளிலும் பீட்டை ஆரம்பத்தில்தான் எரிப்பார்கள். அதே சமயம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் கரியும் தாரும் படிந்து கசக்கும். சாக்கை அவிழ்த்து நிழலில் ஒரு மணி நேரம் பரப்பி, கையில் ஒட்டாத பதத்தில் எடுங்கள்.

தரையில் ஒரு முழம் ஆழத்தில் குழி, அதுதான் அடுப்பு. அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அடியில்லாத பழைய தகர டிரம் அல்லது அடி உடைத்த பெரிய பானை. இரண்டுக்கும் நடுவில் செங்கல் வைத்து, மேலே ஓடு பரப்பி, மண் பூசிய சுரங்கம். புகை அந்தத் தூரத்தைக் கடக்கும்போது சூடு தணியும், தாரும் கொஞ்சம் வழியிலேயே படியும். டிரம்மின் மேல்வாயில் எவர்சில்வர் கம்பிவலை; அதில் நெல்லை இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஈரச்சாக்கால் லேசாக மூடுங்கள். வலையில் உள்ளங்கையை வைத்தால் எவ்வளவு நேரமும் வைத்திருக்க முடிய வேண்டும். சுட்டால் நெல் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எரிபொருள் என் கணக்கில் மூன்று பங்கு தேங்காய் மட்டை, ஒரு பங்கு உமி, ஒரு கைப்பிடி பழைய வெட்டிவேர். மட்டை புகையின் முதுகெலும்பு. உமி கனலை அணையாமல் மெதுவாக வைத்திருக்கும். வெட்டிவேரின் மண் வாசனை பீட்டின் மண் வாசனைக்குப் பக்கத்தில் வருகிறது. கோடையில் சன்னலில் கட்டிய தட்டி பழசானால் தூக்கி எறியாமல் வையுங்கள். சுடர் எரியவே கூடாது, கனிய வேண்டும். புகை மெல்லிசாக, நீலம் ஓடியதாக இருந்தால் நல்லது. மஞ்சளாக, கண்ணை அறுக்கிறதாக வந்தால் காற்று போதவில்லை. சுடர் விட்டுக் கறுப்பாகப் போனால் நெல்லை எடுத்துவிட்டு அடுப்பைச் சரிசெய்யுங்கள். ஆடிக் காற்றில் இந்த வேலையே வேண்டாம்.

வைக்கோலை மட்டும் போட்டு ஒரு தடவை செய்தேன். அறுப்பு முடிந்து தாள் கொளுத்தின வயல் மாதிரி ஒரு கரிப்பு, ஒரு வருஷமானாலும் போகாது போலிருந்தது. அரளி விறகு எக்காரணத்துக்கும் கூடாது. அதன் புகையே நஞ்சு. சாயம் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் ஒட்டிய எதுவும் கூடாது.

எட்டிலிருந்து பத்து மணி நேரம். மணிக்கொரு தடவை கிளறிவிடுங்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துணி காயப்போட்டிருப்பார்கள். பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். ஒரு நெல்லைக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். கையால் கசக்கி முளைவேரை உதிர்த்து, முறத்தில் புடைத்து, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் ஒரு வாரம் வையுங்கள். புகைத்த அன்று மூக்கைக் குத்துகிற காட்டம் இந்த ஒரு வாரத்தில் தணிகிறது.

விஸ்கிக்காரர்கள் இந்தப் புகையைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு ஃபீனால் என்று அளப்பார்கள். ஐலா விஸ்கிகளில் ஆர்ட்பெக் ஐம்பத்தைந்து, லஃப்ரோய்க் நாற்பது சொச்சம் என்கிற எண்களெல்லாம் மால்ட்டில் அளந்தவை, பாட்டிலில் அல்ல. பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும். பெங்களூரு அம்ருத் நிறுவனம்கூடத் தன் புகை விஸ்கிக்கு ஸ்காட்லாந்தில் புகைத்த பார்லியை வரவழைக்கிறது. நம் அளவுகோல் மூக்கு. தூக்கைத் திறந்ததும் தாத்தா வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்தால் சரி.

வடிப்பு

புகை நெல்லை அரைத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் கஞ்சி காயும். பொங்கும், அடிப்பிடிக்கும், சுருளுக்குள்ளும் ஏறும். என் முதல் ஈடு அப்படித்தான் போனது. சுருளைக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நெல்லை முழுசாகவே விட்டு, தண்ணீருக்கு மேலே நிறுத்தி ஆவியை அதன் வழியாக அனுப்ப வேண்டும். இதற்கு இட்லிப் பானைச் சங்கதியே போதும்: தவலைக்குள் நான்கு செங்குத்துக் கால் வைத்த ஓட்டைத் தட்டு, அதில் வெள்ளைத் துணி, அதன்மேல் அரை கிலோ புகை நெல். அடியில் மூன்று லிட்டர் தண்ணீர். தட்டுக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். கடலோரத்து நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் உப்பேறிய போர்த்தண்ணீரைக் குளிர்விக்க மட்டும் வைத்துக்கொண்டு, தவலைக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

நெல்லின்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து உடனே அடுப்பில் ஏற்றுங்கள். நனைத்த நெல்லை இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் வடிக்கிற வேலை வேண்டாம். நம்மூர்ச் சூட்டில் அது புளிக்கத் தொடங்கும், அந்த எல்லையைத் தாண்டவே கூடாது. அதே காரணத்துக்காக வெல்லம், ஈஸ்ட் எதுவும் பக்கத்தில் வராது.

கமலம், பிறகு தீபம். ஓமத்தில் பழகிய அதே சொட்டு. ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ ஏழு பாட்டில், நூறு மில்லி வீதம்.

முதல் பாட்டிலில் ஈர வைக்கோல் வாசனைதான் முந்தும். இரண்டிலிருந்து புகை நிமிர்ந்து நிற்கும். மூன்று, நான்கு எனக்குப் பிடித்தவை. புகைக்குக் கீழே வறுத்த தானியம் தெரியும். ஐந்தில் புகை தணிந்து ஆஸ்பத்திரி எட்டிப் பார்க்கும். ஆறு, ஏழில் வடிகஞ்சி வாசனை. விஸ்கி வடிப்பில் இந்த வரிசை வேறு. அங்கே புகை பெரும்பாலும் பின்பாதியில் கனக்கும். ஃபீனால்களுக்குச் சாராயம் நல்ல புகலிடம், சாராயம் குறைந்த பிறகுதான் அவை விட்டுப் பிரிந்து ஏறும். வெறும் தண்ணீர் அவற்றை அப்படிப் பிடித்து வைப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் இரண்டு பாட்டிலையும் 'தலை' என்று நினைத்துக் கொட்டிக்கொண்டிருந்தேன், பீர்க்காரனின் அரைகுறைப் படிப்பு.

சுடச்சுட முடிவெடுக்காதீர்கள். பாட்டில்களை மெல்லிய துணியால் மூடி ஓர் இரவு வைத்து, காலையில் காபிக்கு முன்னால், ஒரு ஸ்பூன் தீநீரை அரை டம்ளர் தண்ணீரில் விட்டு மோந்து பாருங்கள். தண்ணீர் விடாமல் மோந்தால் எல்லாமே புகைதான். தண்ணீர் விட்டால்தான் குணம் பிரியும். பிடித்தவற்றை மட்டும் சேருங்கள். பச்சை ஓடிய நிறம் தெரிந்தால் அது செம்புக் களிம்பு. அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டு, தவலையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் அப்படித் தேய்த்துக் காயவைத்தால் களிம்பு வராது.

தீநீர் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். விஸ்கியும் வடித்தவுடன் அப்படித்தான். நிறம் பீப்பாய் கொடுப்பது. அந்த ஆசையில் மரத்துண்டு எதையும் இதில் ஊறப்போடாதீர்கள். காக்கிறதற்குச் சாராயம் இல்லை, பூஞ்சணம் பிடிக்கும். கொதிநீரில் கழுவிய பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், குளிர்சாதனப் பெட்டி, மூன்று வாரம். நூல் நூலாக ஏதாவது மிதந்தால் கொட்டிவிடுங்கள்.

இது டம்ளர் டம்ளராகக் குடிக்கிறதல்ல, வாசனைக்குச் சேர்க்கிறது. ஒரு பெரிய டம்ளர் சோடாவுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். நன்னாரி சர்பத்தில் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், இரண்டும் சண்டை போட்டுக்கொண்டன. நீர்மோரில் இரண்டு ஸ்பூன் விட்டால் அடுப்பங்கரை மோர். ஆனால் இதற்கென்றே பிறந்தது பானகம்தான்: வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம், நல்ல குளிர்ச்சி, மேலே ஒரு கரண்டி புகைத் தீநீர், மூன்று சொட்டு ஓமத் தீநீர்.

போன சித்திரையில் சித்தப்பாவுக்கு அதைத்தான் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூட்டம் போட்ட பழத்தையாடா கரைச்சிருக்கே?" என்று கேட்டார். இன்னொரு டம்ளரும் வாங்கிக்கொண்டார்.